கூரையில் தொங்கும் குட்டிக் குமிழ் – ஒரு பிரீமியம் கதை

சினிமாவில் பார்த்திருப்பீர்கள். ஹீரோ சிகரெட் லைட்டரைக் கூரைப் பக்கம் தூக்கிக் காட்டுவார். உடனே மாடி முழுக்க மழை கொட்டும், வில்லன் ஆட்கள் தெறித்து ஓடுவார்கள். சுத்த ரீல்! ஆபீஸிலும் ஹோட்டலிலும் நம் தலைக்கு மேலே இருக்கும் சாதாரண ஸ்பிரிங்க்ளர் அப்படி வேலை செய்வதில்லை. எந்தத் தலைக்குச் சூடு எட்டுகிறதோ, அது மட்டும்தான் திறக்கும்.

அடுத்த முறை மாலுக்குப் போனால் அண்ணாந்து பாருங்கள். விரல் நுனி அளவில் ஒரு கண்ணாடிக் குமிழ், அதற்குள் சிவப்புத் திரவம். சிவப்பு என்றால் 68 டிகிரி செல்சியஸ். அந்தச் சூடு வந்ததும் திரவம் விரிந்து கண்ணாடி உடையும். அதுவரை குமிழ் முட்டுக்கொடுத்து வைத்திருந்த மூடி விழுந்து தண்ணீர் பாயும். சமையலறை மாதிரி இயல்பாகவே சூடான இடங்களுக்கு 93 டிகிரியில் உடையும் பச்சைக் குமிழ். பைப்பில் எப்போதும் அழுத்தத்தோடு தண்ணீர் நிற்கும். ஒரு தலை திறந்து அழுத்தம் குறைந்தால் பம்ப் தானாக ஓடும், கரண்ட் போனால் டீசல் பம்ப். குமிழ் உடைய மட்டும் கரண்டும் வேண்டாம், கம்ப்யூட்டரும் வேண்டாம்.

பி.காம். படித்தவனுக்கு பைப்பும் பம்ப்பும் எதற்கு என்கிறீர்களா? நான் வங்கிக்காரன். சரக்கின் பேரில் கடன் கொடுத்தால் முதலில் கேட்பது ஃபைர் பாலிசி, அதில் வங்கியின் பெயரும் இருக்க வேண்டும். அந்த பாலிசிகளில்தான் ஸ்பிரிங்க்ளர் இருந்தால் பிரீமியத்தில் தள்ளுபடி என்ற சமாச்சாரம் முதலில் கண்ணில் பட்டது. தோண்டிப் பார்த்தால் இந்தக் கருவியின் மொத்த வரலாறும் அந்தத் தள்ளுபடிக்குள்ளேதான் இருக்கிறது.

1850களில் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பஞ்சாலைகளில் கூரையோரமாக ஓட்டை போட்ட பைப்புகளை ஓட விட்டார்கள். தீப்பிடித்தால் ஒரு ஆள் ஓடிப்போய் வால்வைத் திறக்க வேண்டும். திறந்தால் எரியாத இடமும் நனையும். 1874ல் நியூ ஹேவன் நகரில் பியானோ தொழிற்சாலை நடத்திய ஹென்றி பார்மலி, சூட்டில் தானே திறக்கும் தலை ஒன்றைச் செய்து தன் தொழிற்சாலையிலேயே மாட்டினார். இன்ஷூரன்ஸ் கட்டணம் தாங்க முடியாமல்தான் அதில் இறங்கினார் என்பார்கள். 1880களில் ஃபிரடெரிக் கிரின்னெல் அதை மேம்படுத்தினார். ஆலை முதலாளிகள் அடுத்தடுத்து வாங்கினார்கள். கருணையால் அல்ல, பிரீமியம் குறைந்ததால்!

கணக்கு இல்லாத இடத்தில் என்ன ஆகும்? நியூயார்க்கில் 1911 மார்ச் 25 அன்று டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலை எரிந்தது. 146 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் இளம்பெண்கள். ஸ்பிரிங்க்ளர் புழக்கத்துக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும் அந்தக் கட்டடத்தில் இல்லை. முதலாளிகளுக்கு இன்ஷூரன்ஸ் பணம் வந்தது. வழக்குப் போட்ட குடும்பங்களுக்கு 1914ல் ஒரு உயிருக்கு 75 டாலர் என்று கணக்குத் தீர்த்தார்கள்.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். நான் இருப்பது லேக் கார்டன்ஸ். ரவீந்திர சரோவர் ஏரிக்கு இந்தப் பக்கம் நாங்கள், கிழக்கே டாக்குரியா. அங்கே ஆம்ரி மருத்துவமனையில் 2011 டிசம்பர் 9 அதிகாலை தீப்பிடித்தது. கார் நிறுத்த வேண்டிய அடித்தளத்தில் எரியக்கூடிய பொருட்களை அடைத்து வைத்திருந்தார்கள். தீ மேலே ஏறவேயில்லை, ஏசி குழாய் வழியாகப் புகைதான் ஏறியது. சுற்றிலும் திறக்க முடியாத கண்ணாடிச் சுவர். சுமார் 90 பேர் இறந்தார்கள், அநேகமாக எல்லோரும் படுக்கையிலிருந்து எழுந்து ஓட முடியாத நோயாளிகள். புகையைப் பார்த்து முதலில் ஓடி வந்தவர்கள் பக்கத்து பஞ்சானனதலா குடிசைவாசிகள். காவலாளிகள் அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள் என்று அப்போது எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. பிறகு அவர்களே ஏறிப் பலரை இறக்கினார்கள். நோயாளிகளைக் காப்பாற்றப் போய் கேரளத்துச் செவிலியர் இருவர் உயிர் விட்டார்கள்.

அதற்கு முந்தின வருடம், 2010 மார்ச் 23 அன்று பார்க் ஸ்ட்ரீட் ஸ்டீபன் கோர்ட்டில் 43 பேர் போனார்கள். 2018 செப்டம்பரில் பாக்ரி மார்க்கெட் நாட்கணக்கில் எரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை, பூஜைக்காக வாங்கி அடுக்கிய சரக்கு மொத்தமும் சாம்பல்.

ஸ்பிரிங்க்ளர் எல்லா நோய்க்கும் மருந்து என்று சொல்ல வரவில்லை. படிக்கட்டு அடைபட்டிருந்தால் அதுவும் கைகொடுக்காது. ஆனால் அடித்தளத் தீயை அடித்தளத்திலேயே அமுக்குவதற்குத்தான் அது இருக்கிறது.

சட்டம் இல்லையா? இருக்கிறது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு 1970லேயே வந்து, பலமுறை திருத்தப்பட்டது. ஆனால் அது வழிகாட்டி மட்டுமே. மாநிலமும் நகராட்சியும் தங்கள் விதியில் சேர்த்தால்தான் பல் முளைக்கும். 15 மீட்டர் உயரத்துக்கு மேல்தான் அதில் ‘உயரமான கட்டடம்’. நம்மைப் போன்ற குடும்பங்கள் இருக்கும் நாலு மாடிக் கட்டடங்கள் பல அந்தக் கோட்டுக்குக் கீழேயே நின்றுவிடுகின்றன. குடோனுக்கு ஃபைர் பாலிசி கேட்கும் என்னைப் போன்ற ஆள் ஃப்ளாட்டில் குடியிருப்பவருக்காகப் பேச யாருமில்லை. சரக்குக்குக் காவல் இருக்கிறது, தூங்குகிற பாட்டிக்கு இல்லை. எனக்கு உறுத்துவது இதுதான்.

ஆகவே பெங்களூரோ துபாயோ டொரன்டோவோ, எங்கே ஃப்ளாட் பார்த்தாலும், ஊரில் வயதான அப்பா அம்மாவுக்கு ஒன்று பிடித்தாலும், மார்பிள் தரையைப் பார்த்த கையோடு மூன்று கேள்வி கேளுங்கள். ஸ்பிரிங்க்ளர் உண்டா? அதன் பிரதான வால்வு திறந்திருக்கிறதா? டீசல் பம்ப்பைக் கடைசியாக எப்போது ஓட்டிப் பார்த்தார்கள்? ஸ்பிரிங்க்ளர் இருந்தும் வேலை செய்யாமல் போகும் இடங்களில் முதல் காரணம், யாரோ வால்வை மூடி வைத்ததுதான். தண்ணீர் ஒழுகுகிறது என்று மூடியிருப்பார்கள், திறக்க மறந்திருப்பார்கள்.

புரோமோட்டர் முறைப்பார். பரவாயில்லை, கேளுங்கள்.