குரோமாட்டின் எல்லைகள்: ஒரு கருத்தின் சரித்திரம்

மனித உயிரணு ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 2 மீட்டர் நீளமுள்ள டி.என்.ஏ. இழை, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கே அகலமுள்ள உட்கருவுக்குள் அடங்கிக் கிடக்கிறது என்பதைப் பாடநூல்கள் பேரதிசயமாக வர்ணிக்கின்றன. ஆயினும் அடங்குவது அத்தனை பெரிய அதிசயமன்று. அவ்வாறு சுருண்டும் சிக்குறாமல், வேண்டிய மரபணு வேண்டிய தருணத்தில் அகப்படுவதே அதிசயம். இவ்வொழுங்கின் எல்லைகளைக் கண்டறிந்த சரித்திரத்தை நோக்குமிடத்து, ஒவ்வொரு தலைமுறையும் தன் கைச்சாதனம் எத்தகையதோ அத்தகைய எல்லையையே கண்டது என்று கூறத் தோன்றுகிறது.

1880-ஐ ஒட்டிக் கீல் நகரில் வால்ட்டர் பிளெம்மிங், சாயத்தை விரும்பி ஏற்கும் உட்கருப் பொருளுக்குக் குரோமாட்டின் என்று நாமகரணம் செய்தார். 1928-இல் எமில் ஹைட்ஸ், பாசிகளை ஆராய்ந்தபோது, உயிரணுப் பிளவு முடிந்த பின்னும் குரோமோசோம்களின் சில பாகங்கள் நெகிழாமல் செறிந்தே நிற்கக் கண்டு, அவற்றை ஹெட்டிரோகுரோமாட்டின் என்றும் எஞ்சியவற்றை யூகுரோமாட்டின் என்றும் பிரித்தார். குரோமோசோமின் நீளவாக்கில் மனிதர் வகுத்த முதற் பிரதேசப் பிரிவினை இதுவே எனலாம்.

நெடுங்காலம் கழித்து, 2002-இல் யோப் டெக்கர் முதலியோர் கண்ணால் காணும் முயற்சியையே கைவிட்டு வேறொரு மார்க்கத்தை வகுத்தனர். அருகருகே கிடக்கும் இழைகளைப் பார்மால்டிஹைடால் பிணைத்து, நொதியால் வெட்டி, வெட்டுமுனைகளை ஒட்டி, எது எதனுடன் ஒட்டியது என்று கணக்கெடுப்பதே அந்த உபாயம். சந்தையில் யாருக்குப் பக்கத்தில் யார் நின்றார் என்று விசாரித்தே ஊரின் படத்தை வரைவது போன்றது அது. 2009-இல் இம்முறை மரபுத்தொகுதி முழுமைக்கும் விரிந்தபோது, குரோமோசோம்கள் செயலுள்ளது, அடங்கியது என இருவகைப் பாகங்களாகத் தெரிந்தன. ஹைட்ஸ் சாயத்தால் கண்டதன் நிழல் எண்களிலே மீண்டும் விழுந்தது. 2012-இல் பிங் ரென் குழுவினரும் எடித் ஹேர்ட் குழுவினரும் 'நேச்சர்' இதழில் அடுத்தடுத்து வெளியிட்ட கட்டுரைகள், பத்து லட்சம் கார இணைகளுக்குச் சற்றுக் குறைந்த அளவில் தமக்குள்ளேயே மிகுதியும் உறவாடும் களங்களை நிலைநாட்டின. 2014-இல் நுட்பம் கூர்மையாகவே, களங்களின் இடைநிலை அளவு 1,85,000 கார இணைகளாகச் சுருங்கியது. இழை வளைந்து உண்டாகும் கண்ணிகள் ஏறத்தாழ 10,000 புலப்பட்டன. அவற்றின் அடிகளில் பெரும்பாலும் சி.டி.சி.எஃப். என்னும் புரதம், ஒன்றையொன்று எதிர்நோக்கும் தளங்களில் அமர்ந்திருந்தது.

எதிர்நோக்கும் அந்த லட்சணமே காரணத்தை உணர்த்திற்று. கோஹீசின் என்னும் வளையப் புரதம் இழையைப் பற்றி இருபுறமும் இழுத்துக் கண்ணியைப் பெருக்கிக்கொண்டே போகிறது, சி.டி.சி.எஃப். எதிர்ப்படுமிடத்தில் தடைப்படுகிறது. அப்படியாயின் களம் என்பது சுவர் எழுப்பிய அறையன்று, ஓயாத இயக்கத்தின் தடமே. 2017-இல் மனிதப் பெருங்குடல் புற்றுநோய் உயிரணுக்களில் கோஹீசினைச் சிதைத்தபோது கண்ணிக் களங்கள் யாவும் மறைந்தன. இருவகைப் பாகங்களோ மறையாமல் மேலும் தெளிவுற்றன. மறுவருஷமே சியாவோவெய் ஷுவாங் குழுவினர், அவ்வகை உயிரணுக்களை ஒவ்வொன்றாக நுண்ணோக்கியில் வைத்து 21-ஆம் குரோமோசோமின் போக்கைத் தொடர்ந்தனர். கோஹீசின் அழிந்த உயிரணுக்களிலும் களம் போன்ற திரட்சிகள் இருக்கவே செய்தன. அவற்றின் எல்லைகள் மட்டும் சி.டி.சி.எஃப். தளங்களை நாடாமல், உயிரணுவுக்கு உயிரணு கண்ட கண்ட இடங்களில் விழுந்திருந்தன.