முள்கம்பியும் கட்டுச்சோறும்: மலாயாக் காட்டுப் போரின் படைக்கலங்கள்

படைக்கலம் என்றதும் வாளும் வேலும், பீரங்கியும் விமானமுமே நம் நினைவுக்கு வருகின்றன. மாட்டைத் தடுக்கும் வேலியும், களை கொல்லும் மருந்தும், அரிசி நிறுக்கும் தராசும் படைக்கலங்கள் என்று சொன்னால் நகைப்போரும் உண்டு. ஆயினும் பிரிஞ்சாங்கின் தேயிலைச் சரிவில் நின்று, நிரைகள் முடியும் இடத்திலேயே தொடங்கிவிடும் அடர்காட்டை நோக்குவோருக்கு நகைக்கத் தோன்றாது. மலாயாக் காடுகளில் 1948 முதல் 1960 வரை நடந்த போரின் போக்கைத் திருப்பியவை பெரும்பாலும் இத்தகைய எளிய பொருள்களே.

காடு ஓர் அரண் என்பது தமிழர்க்குப் புதிய செய்தியன்று. வள்ளுவர் அரணின் உறுப்புகளுள் காட்டையும் சேர்த்தே எண்ணுகிறார். 1801இல் காளையார்கோயிலைச் சூழ்ந்திருந்த காடு மருதிருவரின் மதிலாக நின்றது. கர்னல் அக்னியூவின் படை சிறுவயலிலிருந்து மரங்களை வெட்டிப் பாதை சமைக்க ஒரு மாத காலம் முயன்றும் முடியாமல் அம்முயற்சியைக் கைவிட நேர்ந்தது. பின்னர் அதே ஆண்டு அக்டோபர் முதல் நாள் வேறு வழியாகச் சூழ்ந்துதான் அவ்விடத்தைப் பிடித்தார்கள். பீரங்கி வைத்திருந்தவனுக்கு அன்று வேண்டியிருந்தது கோடரி. அக்கோடரியும் போதவில்லை.

காட்டை மதிலாக நம்பிய பிழையை 140 ஆண்டுகளுக்குப் பின் பிரிட்டிஷாரே செய்தனர். மலாயாவின் காடும் மலையும் டாங்கிகளைத் தடுத்துவிடும் என்று எண்ணி, இங்கே ஒரு டாங்கியைக்கூட அவர்கள் வைத்திருக்கவில்லை. 1941 டிசம்பர் 8ஆம் நாள் கோத்தா பாருவில் கரையிறங்கிய ஜப்பானியர் காட்டை வெட்டிக்கொண்டு நிற்கவில்லை. பிரிட்டிஷார் ரப்பருக்காகவும் ஈயத்துக்காகவும் போட்டு வைத்திருந்த நல்ல சாலைகளில் சைக்கிள் மிதித்து வந்தார்கள். டயர் வெடித்தால் வெறும் வளையத்தின்மீதே ஓட்டினார்கள். இரவில் அந்த இரைச்சலை டாங்கி என்று எண்ணி மயங்கியோரும் உண்டு. உண்மையான டாங்கிகளும் வந்தன. கேமரன் மலைக்கு ஏறும் பாதை பிரிகின்ற தாப்பாவுக்குத் தெற்கே, சிலிம் ஆற்றங்கரையில், 1942 ஜனவரி 7ஆம் நாள் சில மணி நேரத்தில் பதினோராம் இந்தியப் படைப்பிரிவின் இரண்டு பிரிகேடுகள் சிதறின. பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது.

அடுத்த போரில் காட்டுக்குள் இருந்தவர்கள் கம்யூனிஸ்டுக் கொரில்லாக்கள். ஜப்பானியரை எதிர்ப்பதற்கென்று பிரிட்டிஷாரே முன்பு விமானத்திலிருந்து போட்ட துப்பாக்கிகள் பல அவர்கள் கையில் இருந்தன. 1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் பிறந்தது. சட்டமும் ஒரு படைக்கலம் ஆயிற்று. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்தாலே தூக்கு என்றாயிற்று. அச்சட்டத்தின்படியே தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி 1949 மே 4ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார்.

வானப்படையின் குண்டுவீச்சைப் பற்றி அன்று பெரிதாகப் பேசப்பட்டது. ஆஸ்திரேலியாவின் லிங்கன் விமானங்களும் வந்து குண்டு பொழிந்தன. நூற்றைம்பது அடி உயர்ந்த மரக்கூரையின் கீழ் மறைந்து நடக்கும் சிறு கூட்டத்தை மேலிருந்து காண்பதெப்படி? செலவுக்கும் வெடிமருந்துக்கும் ஏற்ற பயன் விளையவில்லை என்பதே உண்மை. விமானம் பயன்பட்டது வேறு வகையில். 1950 முதல் ஹெலிகாப்டர் காயமுற்றோரைத் தூக்கி வந்தது. 1953 முதல் படைவீரரையே ஏற்றிச் சென்றது. பல நாள் நடந்து சேரவேண்டிய இடத்தைச் சில நிமிடங்களில் அடைந்தார்கள். கேமரன் மலையை ஒட்டிய காட்டில் தெலானோக் போன்ற கோட்டைகள் சாலையே இல்லாமல் நிலைத்ததும் வான்வழி வந்த உணவினால்தான். சுமை தூக்கிய விமானம் குண்டு போட்ட விமானத்தை வென்றது எனலாம்.

எனினும் காட்டை உண்மையில் முற்றுகையிட்டது முள்கம்பி. அதன் பிறப்பையும் அறிந்துகொள்வது நல்லது. 1874இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து உழவர் ஜோசப் கிளிடன் அதற்குக் காப்புரிமை பெற்றார். பயிரில் மாடு மேயாதிருக்க வேண்டும் என்பதே நோக்கம். கால் நூற்றாண்டுக்குச் சற்று மேல் கழிந்தபோது தென்னாப்பிரிக்காவில் போயர் கொரில்லாக்களை மடக்கவும், அவர்தம் பெண்டுபிள்ளைகளை முகாம்களில் அடைக்கவும் அதுவே கருவியாயிற்று. அம்முகாம்களில் இருபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1950இல் ஜெனரல் ஹெரால்ட் பிரிக்ஸ் மலாயாவுக்கு வகுத்த திட்டம் அந்தக் கம்பியையே மீண்டும் எடுத்தது. காட்டோரம் பயிர் செய்து வாழ்ந்த சுமார் ஐந்து லட்சம் பேர், பெரும்பாலும் சீனர், நானூற்றுக்கும் மேற்பட்ட புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டனர். இதை நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் சிதறிக் கிடந்த லயங்களை ஓரிடத்தில் குவித்து வேலி அடைத்ததையோ ஓரிரு வரிகளில் முடித்துவிடுகின்றன. அவ்வாறு குவிக்கப்பட்டோர் ஆறு லட்சத்துக்கும் மேல். அவர்களில் நம்மவர் மிகப் பலர்.

வேலிக்குள் நடந்ததே போரின் நடுக்களம். பன்னிரண்டு வயதைக் கடந்த ஒவ்வொருவருக்கும் படமும் கைரேகையும் பதித்த அடையாளக் கார்டு கொடுக்கப்பட்டது. மாலையில் ஊரடங்கு. காலையில் வாயிலில் சோதனை. அரிசி அளந்து பங்கிடப்பட்டது. டப்பா உணவை வாங்கினால், கடைக்காரர் அங்கேயே துளையிட்டுக் கொடுக்கவேண்டும். துளையிட்ட டப்பாவைக் காட்டில் பதுக்கி வைக்க இயலாதன்றோ? கெடுபிடி மிகுந்த இடங்களில் பச்சரிசியோ புழுங்கலோ வீட்டில் வைத்திருக்கவும் தடை. பொதுச் சமையற்கூடத்தில் வெந்த சோற்றையே வாங்கவேண்டும். காரணம் எளிது: அரிசி மாதக்கணக்கில் இருக்கும், சோறு மறுநாள் ஊசிப்போகும். வேலைக்குப் போகிறவர் கட்டுச்சோறு கொண்டு போகலாகாது. விடியுமுன் பால்வெட்டுக்குச் சென்று உச்சிவெயிலில் வெறும் வயிற்றோடு திரும்பியவரை எந்தப் படைத்தளபதியின் வரைபடத்திலும் காண முடியாது. ஆனால் காட்டிலிருந்து கொரில்லாக்களை வெளியே வரச் செய்ததில் இந்தப் பசிக்குப் பங்கு உண்டு.

காட்டுக்குள் கொரில்லாக்கள் தாமே பயிரிட்ட கிழங்கும் காய்கறியும் விட்டுவைக்கப்படவில்லை. களைக்கொல்லி மருந்துகளை வானிலிருந்து தெளித்தனர்; பதுங்கித் தாக்கும் இடமாகாதபடி சாலையோரப் புதர்களையும் அவற்றால் கருக்கினர். பிற்காலத்தில் வியட்நாமில் அமெரிக்கர் பேரளவில் செய்ததற்கு முன்னோட்டம் இங்கேயே நடந்துவிட்டது. இன்னொரு புறம், தெமியார், செமாய் முதலிய பூர்வகுடியினரின் கைத்திறம் மதிப்புப் பெற்றது. ஈப்போ மரத்துப் பாலின் நஞ்சு தோய்ந்த அம்பை ஊதுகுழலால் செலுத்தி வேட்டையாடும் மக்கள் அவர்கள். அவர்களைக் கொண்டு ரிச்சர்டு நூன் அமைத்த 'செனோய் பிராக்' என்னும் சிறு படை கையில் ஏந்தியது துப்பாக்கியைத்தான். எனினும் உடைந்த கிளையையும் நசுங்கிய இலையையும் கண்டு தடம் தொடரும் கண்ணை எந்தத் தொழிற்சாலையிலும் செய்ய முடியவில்லை.

1960 ஜூலை 31இல் அவசரகாலம் முடிந்தது. கொரில்லாக்களில் 6,700 பேருக்கு மேலும், போலீசிலும் படையிலும் 1,865 பேரும், பொதுமக்களில் ஏறத்தாழ 2,500 பேரும் இறந்திருந்தனர். 1948 டிசம்பரில் பத்தாங் காலியில் பிரிட்டிஷ் படையினர் சுட்டுக் கொன்ற 24 பேர் படைக்கலம் ஏந்தாத தோட்டத் தொழிலாளர்கள். மலாயாவில் பணியாற்றிய ராபர்ட் தாம்சன் பிறகு வியட்நாம் சென்று ஆலோசனை சொன்னார். 1962இல் அங்கும் வேலியிட்ட கிராமங்கள் எழுந்தன. அடுத்த ஆண்டின் இறுதிக்குள் அத்திட்டம் நொறுங்கியது. மலாயாவில் வேலிக்குள் இருந்தவர்க்கு நிலப் பத்திரமும் பள்ளியும் சுதந்திர நாளும் வந்துகொண்டிருந்தன. அங்கே கம்பி மட்டும் போயிற்று.

பிரிஞ்சாங்குக்கு வடக்கே திரிங்காப், கோலா தெர்லா, தெற்கே ரிங்லெட் ஆகியவை புதுக்கிராமங்களாக அமைந்தவை. வேலி போய்விட்டது. ஒருகாலத்தில் தாப்பாவிலிருந்து கவச வண்டிகளின் காவலோடு வாகனங்கள் கூட்டமாக ஏறிவந்த மலைப்பாதையில் இன்று முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றிய லாரிகள் இறங்கிச் செல்கின்றன.