நெகிழி என்னும் பெயர்

கல்லுப்போல் கெட்டியாக இருக்கும் பிளாஸ்டிக் வாளியை 'நெகிழி' என்று எப்படிச் சொல்வது என்று கேட்பவர்கள் உண்டு. வளையாத நாற்காலிக்கும், கீழே விழுந்தால் சில்லுசில்லாகத் தெறிக்கும் டப்பாவுக்கும் இந்தப் பெயர்தானா? நியாயமான கேள்விதான். ஆனால், நெகிழ்தல் என்றால் வளைதல் என்று எண்ணிக்கொள்வதால் எழும் கேள்வி இது.

இறுக்கம் விட்டுப்போவதுதான் நெகிழ் என்ற வினையின் உயிர். பிரிவால் மெலிந்த தலைவியின் கையில் வளை நெகிழ்வது சங்கப் பாடல்களில் திரும்பத் திரும்ப வரும் காட்சி. மொட்டு கட்டவிழ்வதும் நெகிழ்தல், நெஞ்சு உருகுவதும் நெகிழ்தல். இன்றைக்கும் பாராட்டு விழாவில் பேச்சு வராமல் நிற்பவரை 'நெகிழ்ந்துபோனார்' என்றுதான் எழுதுகிறோம். 'மாவை நெகிழப் பிசையவும்' என்று சமையல் குறிப்பு சொன்னால், வெந்நீர் கொஞ்சம் கூட விட்டு, இடியாப்ப உழக்கில் கை நோகாமல் இறங்கும் பதத்துக்குப் பிசைய வேண்டும். இந்த மாவை யாரும் வளைக்கப் போவதில்லை.

நண்டு ஞெண்டாகவும் நாண் ஞாணாகவும் வழங்கியதுபோல் நெகிழுக்கும் ஞெகிழ் என்றொரு வடிவம் இருந்தது. ஞெகிழம் என்றால் காற்சிலம்பு. காலில் இறுகப் பிடிக்காமல் தளர்ந்து கிடப்பதால் வந்த பெயர் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஞெகிழி என்ற சொல்லே பழந்தமிழில் உண்டு, கொள்ளிக்கட்டை என்ற பொருளில். குறுந்தொகையில் பரண்மேல் காவலிருப்பவன் கொளுத்துவது அதைத்தான்.

பிளாஸ்டிக் என்ற சொல்லின் வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. 'பிளாஸ்டிகோஸ்' என்றால் பிசைந்து உருக்கொடுக்கத் தக்கது; குயவர் கை மண்ணுக்குப் பொருந்தும் சொல். அதற்கு நெகிழி என்று தமிழில் பெயர் வைத்தவர்கள் பொருளின் குணம் அறிந்தே வைத்திருக்கிறார்கள். தெருவில் பிளாஸ்டிக் குடம் ஒட்ட வருபவரைப் பாருங்கள். பழுக்கக் காய்ச்சிய இரும்பை விரிசலில் வைத்து இழுப்பார். இரண்டு ஓரமும் இளகி ஒன்றோடொன்று கலக்கும், ஆறியதும் பழையபடி கெட்டிப்படும். பாலித்தீனின் இயல்பு அது. 1907இல் லியோ பேக்லாந்து உருவாக்கிய பேக்கலைட் ஒருமுறை இறுகிவிட்டால் மறுபடி இளகாது; ஆனால் அதுவும் அச்சுக்குள் நெகிழ்ந்த பிறகுதான் சுவிட்சாக வெளியே வருகிறது. ஆகவே கெட்டி வாளிக்கும் இந்தப் பெயர் பொருந்தும். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் நெகிழிப் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தபோது, பாடப்புத்தகச் சொல்லாக இருந்தது கடை வாசல் அறிவிப்புகளிலும் ஏறியது.

எனக்கு மனத்தாங்கல் 'நெகிழ்வுத்தன்மை'யோடுதான். 'ஃபிளெக்சிபிள்' என்பதன் லத்தீன் வேர் வளைத்தலைக் குறிப்பது. அதை நெகிழின் தலையில் ஏற்றி, 'பணிநேரத்தில் நெகிழ்வுத்தன்மை உண்டு' என்று எழுதுகிறார்கள். வீட்டில் யாராவது அப்படிப் பேசுவார்களா? அனுசரித்துப் போ, கொஞ்சம் வளைந்து கொடு, நெளிவுசுளிவு தெரிந்தவர் என்பார்கள். விதியென்றால் தளர்த்துவார்கள், 2020இல் ஊரடங்குக்குத் 'தளர்வு' என்ற சொல் எவரும் சொல்லித்தராமலே எல்லோர் வாயிலும் வந்தது. பணிநேர அறிவிப்பு எழுதுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: 'வசதிப்பட்ட நேரத்தில் வந்து வேலை செய்யலாம்' என்றே எழுதுங்கள்.