கல் கணக்கில் பதவி: முத்துக்கரையின் பட்டங்கட்டிகள்

முத்துக்குளிப்பில் 'கல்' என்பது ஓர் எடை அல்ல, ஓர் உரிமை. மூச்சை அடக்கிக் கடலில் இறங்குபவர் தம்மை விரைவாக அடித்தளத்துக்குக் கொண்டுபோக, கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து இறங்குவார். ஒரு கல்லுக்கு ஓர் ஆள். ஆகவே, ஒருவருக்கு இத்தனை கல் உண்டு என்றால், அத்தனை குளியாளிகளை இறக்கி, அவர்கள் எடுக்கும் சிப்பியை வரியில்லாமல் கொண்டுபோகும் உரிமை அவருக்கு உண்டு என்று பொருள். டச்சுக்காரர் காலத்துக் கணக்குகளில் மதுரை நாயக்கருக்கு 96½ கல், இராமநாதபுரம் சேதுபதிக்கு 60 கல் என்று எழுதப்பட்டிருக்கிறது. அரைக் கல் வரைக்கும் எண்ணிப் பங்கிட்ட அந்தப் பட்டியலில் அரசர்களோடு மீனவர் தலைவர்களும் இடம்பெற்றார்கள். அவர்கள்தான் பட்டங்கட்டிகள்.

தூத்துக்குடி மாவட்டத்தின் தென்கோடியில், மணப்பாட்டுக்கும் உவரிக்கும் இடையில் இருக்கிறது பெரியதாழை. கிழக்கே மன்னார் வளைகுடா. மேற்கே சற்று உள்ளே போனால் தேரி எனப்படும் செம்மணல் மேடுகள். கன்னியாகுமரியிலிருந்து இராமேசுவரம் வரைக்கும் நீளும் இந்தக் கடலோரத்தைப் போர்த்துகீசியர் முத்துக்குளித்துறை என்றே அழைத்தார்கள். இங்கே வாழும் பரதவர்கள் தங்களுக்குள் அமைத்துக்கொண்ட பதவி வரிசை, நாயக்கர், போர்த்துகீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று நான்கு ஆட்சிகளைக் கண்டது. ஒவ்வோர் ஆட்சியும் அந்த வரிசையைப் பயன்படுத்திக்கொண்டது. அதைக் கொஞ்சம் மாற்றியும் விட்டது.

பதவிகளின் வேர் தொழிலில் இருக்கிறது. 1803இல் வெளியான தமது இலங்கை நூலில் இராபர்ட் பெர்சிவல் முத்துப் படகை விவரித்திருக்கிறார். ஒரு படகில் இருபது பேர், அவர்களுக்கு மேல் தண்டல் எனப்படும் படகுத்தலைவர் ஒருவர். இருபது பேரில் பத்துப் பேர் குளியாளிகள்; மற்றப் பத்துப் பேர் துடுப்பு வலிப்பார்கள், கயிறு பிடிப்பார்கள். குளியாளிகளில் ஐவர் ஐவராக முறை வைத்து இறங்குவார்கள். கீழே இருப்பவரின் உயிர் மேலே கயிறு பிடிப்பவரின் கையில். எடுத்த சிப்பியில் யாருக்கு எவ்வளவு என்பது படகு கரையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். கரைக்கு வந்தபின் பேசத் தொடங்கினால் கத்தி எடுக்க வேண்டியதாகிவிடும். ஒரு படகுக்கே இந்த ஒழுங்கு தேவை என்றால், ஒரே இரவில் நிலக்காற்றை நம்பிப் புறப்படும் நூற்றுக்கணக்கான படகுகளுக்கு எவ்வளவு ஒழுங்கு வேண்டும்?

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோவும் முதலில் கவனித்தது பங்கீட்டைத்தான். பத்தில் ஒரு பங்கு அரசனுக்கு; இருபதில் ஒரு பங்கு, சுறாக்களை மந்திரத்தால் கட்டி வைப்பவர்களுக்கு. இந்தக் 'கடல்கட்டி' பதவி பின்னாளில் ஆங்கிலேயர் நடத்திய குளிப்புகள் வரைக்கும் பரம்பரையாகத் தொடர்ந்தது. சுறா வருமோ என்ற பயத்தில் குளியாளிகள் நீரில் இறங்க மறுத்துவிட்டால் மொத்தக் குளிப்பும் நின்றுபோகும். அந்தப் பயத்தைப் போக்குபவருக்கு அரசாங்கமே கூலி கொடுத்தது.

படகுக்கு மேலே ஊர், ஊருக்கு மேலே கரை. ஊருக்குத் தலைவர் பட்டங்கட்டி. வழக்கு தீர்ப்பது, வரி திரட்டுவது, குளிப்புக்குப் படகையும் ஆளையும் சேர்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. 'பார்' என்று சொல்லப்படும் கடலடிச் சிப்பித் திட்டுகளைப் பார்வையிடப் போகும்போது அடப்பனார் என்ற தலைவர்களும் கூடப் போனார்கள். எந்தப் பாரில் சிப்பி முற்றியிருக்கிறது, எதை இன்னும் சில ஆண்டு விட்டுவைக்க வேண்டும் என்ற அறிவு இவர்களிடம்தான் இருந்தது. எல்லாருக்கும் மேலே சாதித்தலைவர். பாண்டியபதி என்றும் அவரை மக்கள் அழைத்தார்கள். அவர் இருக்கை தூத்துக்குடி.

ஊர்களுக்குள்ளும் வரிசை இருந்தது. வேம்பார், வைப்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு ஆகியவை ஏழூர் என்று பெயர் பெற்ற முதன்மைத் துறைகள். பெரியதாழை அந்தப் பட்டியலில் இல்லை. முத்துக்கரையின் வரலாறு பெரும்பாலும் இந்த ஏழு ஊர்களின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் கல்லில் கால் வைத்து நீரில் இறங்கியவர்கள் ஏழூரில் மட்டும் பிறந்தவர்கள் அல்லர்.

பட்டங்கட்டிகளின் பதவிக்கு மிகப் பெரிய சோதனை 1530களில் வந்தது. முத்துக்குளிப்பின் கட்டுப்பாடு யாருக்கு என்பதில் காயல் வட்டார முஸ்லிம் வணிகர்களோடு மோதல் முற்றியது. அரசுகளின் பாதுகாப்பும் கிடைக்கவில்லை. குதிரை வணிகத்துக்காக இந்தப் பக்கம் வந்திருந்த ஜான் த குரூஸ் என்பவர், போர்த்துகீசியரின் துணையைத் தேடும்படி யோசனை சொன்னார். பட்டங்கட்டிகள் குழுவாகக் கொச்சிக்குப் போனார்கள். திருமுழுக்கு பெற்றார்கள், போர்த்துகீசியப் பாதுகாப்பையும் கேட்டு வாங்கினார்கள். அவர்களைத் தொடர்ந்து கடலோரத்தின் ஆயிரக்கணக்கான மக்கள் ஊர் ஊராக மதம் மாறினார்கள். தலைவர்கள் எடுத்த முடிவுக்கு ஒரு கடலோரமே கட்டுப்பட்டது என்றால், அந்தப் பதவியின் மேல் மக்கள் வைத்திருந்த நம்பிக்கை எவ்வளவு ஆழமானது என்பது விளங்கும்.

1542இல் பிரான்சிஸ் சவேரியார் இங்கே வந்தபோது மக்கள் கிறித்தவர்களாக இருந்தார்கள். செபம் சொல்லத்தான் ஒருவருக்கும் தெரியவில்லை. அவருக்குத் தமிழும் தெரியாது. ஊர் ஊராக நடந்து, சிறுவர்களைக் கூட்டி மனப்பாடம் செய்ய வைத்து, அந்தச் சிறுவர்களையே ஆசிரியர்களாக்கினார். அவர் புறப்பட்ட பிறகு ஊரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அதற்காகவே ஒவ்வோர் ஊரிலும் ஒரு கணக்கப்பிள்ளையை அமர்த்தினார். செபம் கற்பிப்பதும், குருவானவர் இல்லாத அவசரத்தில் குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுப்பதும், கோயில் காரியங்களைக் கவனிப்பதும் அவர் வேலை. போர்த்துகல் அரசியின் காலணிச் செலவுக்கென்று இந்தக் கரையிலிருந்து ஆண்டுதோறும் போய்க்கொண்டிருந்த 4,000 பணத்தை ('பணம்' அக்கால நாணயம்), இந்தக் கணக்கப்பிள்ளைகளின் சம்பளத்துக்காகச் சவேரியார் கேட்டு வாங்கினார்.

இப்படி ஊருக்குள் இரண்டு பதவிகள் அருகருகே நின்றன. பட்டங்கட்டிக்கு அதிகாரம் பிறப்பால் வந்தது. கணக்கப்பிள்ளைக்குப் படிப்பால் வந்தது. சவேரியார் இரண்டையும் கையாண்டார். 1544இல் மணப்பாட்டிலிருந்து தம் துணைவர் மன்சிலாசுக்கு எழுதிய கடிதத்தில், கொம்புத்துறையில் பெண்கள் சாராயம் குடித்தால் ஒரு பணம் தண்டமும் மூன்று நாள் காவலும் என்று ஊரில் அறிவிக்கச் சொல்கிறார். புன்னைக்காயலில் குடி தொடர்ந்தால் பட்டங்கட்டிகளே பதில் சொல்ல வேண்டும் என்றும் கண்டிப்பாக எழுதுகிறார். ஊர் செய்த குற்றத்துக்கு ஊர்த்தலைவர் பொறுப்பு. பதவியோடு சேர்ந்து வந்த பாரம் அது.

1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்கு மாறியது. கத்தோலிக்கக் குருக்களை விரட்டிவிட்டுத் தங்கள் சீர்திருத்தச் சபைக்கு மக்களை இழுக்க நினைத்தார்கள். பால்தேயுஸ் என்ற போதகர் அதே ஆண்டில் வந்து முயன்றார், மக்கள் அசையவில்லை. மதத்தை மாற்ற முடியாத டச்சுக்காரர்கள் பதவிகளைத் தொடவில்லை. முத்தும் சங்கும் வேண்டுமென்றால் குளியாளிகள் வேண்டும். குளியாளிகள் சாதித்தலைவர் சொன்னால்தான் வருவார்கள். ஆகவே சாதித்தலைவரை அங்கீகரித்து, அவர் வழியாகவே கடலோரத்தோடு பேசினார்கள். அதுவரைக்கும் பட்டங்கட்டிகள் பலருக்குள் பரவியிருந்த செல்வாக்கு, இந்தக் காலத்தில் மெல்ல மெல்லத் தூத்துக்குடியில் ஒரே வீட்டில் குவிந்தது.

19ஆம் நூற்றாண்டில் இந்தப் படிநிலையை எழுத்தில் பதிந்தவர் ஒரு தமிழர். புத்தளம் பகுதியைச் சேர்ந்த சைமன் காசிச்செட்டி, பரதவர்களின் வரலாறு பற்றி 1837இல் லண்டன் அரச ஆசியக் கழக இதழில் எழுதினார். அவர் சொல்லும் வகுப்புகள் 13. வணிகர், துணி விற்பவர், பவளம் குளிப்பவர், மாலுமிகள், முத்துச் சிப்பி குளிப்பவர், சங்கு குளிப்பவர், துணிப்பொதி கட்டுபவர், ஆமை பிடிப்பவர், சுறாவும் மற்ற மீனும் பிடிப்பவர், பல்லக்குத் தூக்குபவர், தலைவரின் ஏவலர், நண்டு பிடிப்பவர் ஆகியோர் அந்த வரிசையில் வருகிறார்கள். ஒரே மக்களுக்குள் செய்யும் வேலை எப்படிப் பிறப்பின் தகுதியாக இறுகிப்போனது என்பதற்கு இந்தப் பட்டியலே சாட்சி.

நாளடைவில் இந்த வகுப்புகள் இரண்டு பெரும் பிரிவுகளுக்குள் அடங்கின. ஒன்று மேசைக்காரர்: வணிகமும் தோணியும் வைத்திருந்த, ஐரோப்பியரோடு நெருங்கிப் பழகிய, அவர்களைப் போலவே உடுத்திய குடும்பங்கள். மற்றொன்று கம்மாரக்காரர்: வலையையும் கட்டுமரத்தையும் நம்பிய பெரும்பான்மையினர். இருவருக்கும் ஒரே கோயில், ஒரே மாதா. ஆனால் கோயிலுக்குள் யார் எங்கே நிற்பது, திருவிழாவில் யாருக்கு முதல் மரியாதை, சவ அடக்கத்துக்கு எந்தச் சிறப்புகள் யாருக்கு உரியவை என்பதெல்லாம் வேறுவேறு.

அந்த மரியாதைகளின் உச்சம் தூத்துக்குடிப் பனிமய மாதா கோயிலின் தங்கத்தேர். தேரைச் செய்வித்தவர் அப்போதைய சாதித்தலைவர் தொன் கபிரியேல் த குரூஸ். 1806இல் தேர் ஓடியது. அதனாலேயே அவர் தேர்மாறன் என்ற பெயரில் இன்றும் நினைக்கப்படுகிறார். முத்து வருமானமும் பதவியின் மரியாதையும் பக்தியும் ஒரே மரச்சட்டத்தில் சேர்ந்து நின்ற காட்சி அது. தேர் வடத்தை முதலில் தொடுபவர் யார் என்பது கடலோரம் முழுவதற்கும் தெரிந்த செய்தி ஆனது.

பதவியின் அடிமண் அரித்துப்போனதும் அதே நூற்றாண்டில்தான். ஆங்கிலேயர் சாதித்தலைவருக்கு முத்துக்குளிப்பில் உரிமையை விட்டுவைத்தார்கள். ஆனால் குளிப்பே அரிதாகிவிட்டது. 1860களின் தொடக்கத்துக்குப் பிறகு அடுத்த நல்ல குளிப்பு 1889இல்தான். பல ஆண்டுகள் பாரில் சிப்பியே இல்லை என்றால், கல் உரிமை ஏட்டில் இருந்து என்ன பயன்? அதே காலத்தில் வேறு வாசல்கள் திறந்தன. 1876இல் தூத்துக்குடிக்கு இரயில் வந்தது. 1888இல் பஞ்சாலை வந்தது. கொழும்புக்கு ஆளும் சரக்கும் ஓயாமல் போயின. கம்மாரக்காரரில் சிலர் கையிலும் காசு புரண்டது. காசு வந்ததும் அவர்கள் கேட்டது கோயிலில் சம இடத்தை. கல்யாணத்திலும் சாவிலும் அதே சிறப்புகளை.

இந்தக் கேள்வி திருச்சபைச் சண்டையோடு பின்னிக்கொண்டது. 1838இல் பிரெஞ்சு இயேசு சபையினர் மதுரை மறைப்பணிக்கு வந்தார்கள். போர்த்துகல் அரசின் புரவல் உரிமையான பதுரவாதோவின் கீழ் இருந்த கோவாவின் குருக்களும் விட்டுக்கொடுக்கவில்லை. சாதித்தலைவர் தரப்பு கோவா பக்கம் நின்றது. பழைய மரியாதைகளைப் பிடிக்காதவர்களுக்குப் புதிய குருக்கள் புகலிடம் ஆனார்கள். 1849இல் தூத்துக்குடியில் திரு இருதயக் கோயில் எழுந்தது. ஒரே ஊரில், ஒரே மக்களுக்கு, நடந்து போகும் தூரத்தில் இரண்டு பெரிய கோயில்கள் நின்றதற்கு மறையியல் மட்டும் காரணம் அல்ல. யார் முன்னால் நிற்பது என்ற கேள்வியும் அந்தச் சுவர்களுக்குள் இருந்தது. கோயிலுக்குள் நிற்க இடம் கேட்டு ஒரு மீனவன் தலைமுறை தலைமுறையாகப் போராட வேண்டியிருந்தது என்பது இந்தக் கரையின் வரலாற்றில் வலிக்கும் பகுதி. அதை மறைத்துத் தேரின் பொன்னை மட்டும் பாடுவது அந்த மனிதர்களுக்குச் செய்யும் அநீதி.

20ஆம் நூற்றாண்டில் பதவிக்கு வரும் வழியே மாறியது. 1869இல் பிறந்த குரூஸ் பர்னாந்து தூத்துக்குடி நகராட்சித் தலைவரானார், ஒரு முறை அல்ல, பல முறை. உப்புநீர் ஊரான தூத்துக்குடிக்கு வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் கொண்டுவந்தார். ராவ் பகதூர் பட்டம் அவருக்கு ஆங்கிலேயர் கொடுத்தது. ஆனால் நகரம் அவரை நினைவில் வைத்திருப்பது குடிநீருக்காக. 1923இல் தூத்துக்குடி தனி மறைமாவட்டமானபோது அதன் முதல் ஆயராகத் திபூர்சியூஸ் ரோச் பொறுப்பேற்றார்; இலத்தீன் வழிபாட்டு முறையில் நவீன காலத்தில் ஆயரான முதல் இந்தியர் அவர். கடலோரத்து மக்களுக்காகப் பேச இனி வாக்கும் படிப்பும் போதும் என்று ஆனது.

மன்னார் வளைகுடாவின் தமிழகப் பக்கத்தில் கடைசி முத்துக்குளிப்புத் தொடர் 1955 முதல் 1961 வரை நடந்தது. கல் கணக்கு அதோடு முடிந்தது. அந்தப் பழைய உலகம் சரிந்த கதையை ஜோ டி குரூஸ் 'கொற்கை' நாவலில் எழுதி, 2013இல் சாகித்திய அகாதமி விருது பெற்றார்.

பெரியதாழை போன்ற ஊர்களில் இன்று பொதுக் காரியங்களை ஊர்க் கமிட்டி பார்க்கிறது. பங்குக் குருவானவரும் அதில் பங்கெடுக்கிறார். கமிட்டியில் இருப்பவருக்குக் கல் உரிமையோ பழைய மரியாதைகளோ கிடையாது. அலை வீட்டு வாசல் வரைக்கும் வந்து கரையை அரிக்கும் இந்த ஊருக்கு இப்போது முக்கியமான சொல் 'தூண்டில் வளைவு': கடலுக்குள் பாறைகளைக் கொட்டி, அரிப்பைத் தடுத்து, படகுகளை நிறுத்த இடம் தரும் கட்டமைப்பு. அதைக் கேட்டு மனு எழுதுவதும், அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவதும், கட்டிய வளைவு போதாதபோது மறுபடி கேட்பதும் மீனவர்களின் பிரதிநிதிகளுக்கு விழுந்திருக்கும் வேலை.