புரியலைன்னா கேளு!

ஆழ்வார்திருநகரிக்குப் போயிருக்கிறீர்களா? கோயிலில் உறங்காப்புளி என்றொரு புளியமரம் உண்டு. அதன் அடியில் நம்மாழ்வார் 16 வருஷம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார் என்பது வைணவ மரபு. பக்கத்துத் திருக்கோளூர்க்காரரான மதுரகவி வந்து சரியான கேள்வியைக் கேட்டார். உடனே பதில் வந்தது!

மவுஸ் வருவதற்கு முந்தைய கம்ப்யூட்டரும் கிட்டத்தட்ட இப்படித்தான். சரியாகக் கேட்டால்தான் வேலை நடக்கும்.

1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸை ஆரம்பித்தார்கள். அதில் கட்டளையை டைப் அடிக்க வேண்டும். இடைவெளி விட்ட இடத்திலெல்லாம் கம்ப்யூட்டர் அதை வெட்டிக்கொள்ளும். முதல் வார்த்தை, என்ன வேலை என்பது. சின்னக் கோடு போட்டு வருவது, எப்படிச் செய்வது என்ற குறிப்பு. மிச்சம், எந்த ஃபைலில் என்பது.

சரி, புரியாத வார்த்தை வந்தால்? தாம்ஸனின் 'எட்' எடிட்டர், ஒரே ஒரு கேள்விக்குறி போடும். அவ்வளவுதான்! என்ன தப்பு என்று நாம்தான் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்.

வாரன் டைட்டல்மன் என்ற நிபுணருக்கு மனசு இளகியது. தப்பாக அடித்தாலும், நாம் நினைத்ததை யூகித்துச் செய்யும் வசதியை உருவாக்கினார். பெயரே 'நான் நினைப்பதைச் செய்!'

ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தில் நடந்ததாக ஒரு கதை சொல்வார்கள். அங்கே பழைய நகல் ஃபைல்களின் பெயர் டாலர் குறியில் முடியும். ஒருவர், 'டாலரில் முடிவதையெல்லாம் அழி' என்று அடித்தார். அப்படி ஒரு ஃபைலும் இல்லை. கம்ப்யூட்டர் யோசித்தது... 'ஓஹோ, எல்லாவற்றையும் அழிக்கச் சொல்கிறார் போல!' அழிக்கவும் ஆரம்பித்துவிட்டது! அவர் பதறிப்போய் நிறுத்துவதற்குள் அரை டஜன் ஃபைல்கள் காலி.

அந்த முரட்டுக் கேள்விக்குறி எவ்வளவு உத்தமம், பாருங்கள்! நான் படித்தது பி.காம். செக்கில் கையெழுத்து சந்தேகமாக இருந்தால் பாங்க்கில் யூகித்துப் பணம் கொடுப்பதில்லை, திருப்பி அனுப்புகிறார்கள்.

புரோகிராமர்கள் இன்று பயன்படுத்தும் 'கிட்' நடுவழியில் போகிறது. தப்பாக அடித்தால், 'இதையா சொன்னீர்கள்?' என்று கேட்டுவிட்டு நின்றுகொள்ளும். நாமாக அமைப்பை மாற்றினால் ஒழிய, தானாகச் செய்யாது.

இப்போது பேச்சுத் தமிழிலேயே கம்ப்யூட்டருக்கு உத்தரவு போடுகிறோம். அதுவும் கெட்டிக்காரத்தனமாக யூகிக்கிறது. அழிப்பது, பணம் அனுப்புவது மாதிரி விஷயங்களில் மட்டும் அந்தக் கெட்டிக்காரத்தனம் வேண்டாம். கேள்வி சரியாக வரும்வரை, புளியமரத்தடியில் உட்கார்ந்த மாதிரி சும்மா இருக்கட்டும்!