ஏ.டி.வி.யில் மரம் இழுக்கும்போது வண்டி கவிழ்வது ஏன்?

சுற்றுலாத் தலங்களில் ஜாலியா ஓட்டும் நாலு சக்கர ஏ.டி.வி.யை, அமெரிக்கா, கனடாவில் மரக்கட்டை இழுக்கவும் பயன்படுத்துறாங்க. இதில் ஆபத்து என்ன?

சங்கிலியை எங்கே மாட்டுறோம் என்பதுதான் முக்கியம். பின்பக்க கேரியரில் மாட்டினால், கட்டை வேரிலோ கல்லிலோ சிக்கும்போது முன்சக்கரம் தூக்கும். வண்டி ஓட்டுபவர் மேலேயே கவிழலாம். கீழே உள்ள இழுவைக் கொக்கியில் மட்டுமே மாட்டணும்.

இறக்கத்தில் வேற சிக்கல். வண்டி நின்றாலும், கட்டை சறுக்கி வந்து பின்னால் மோதும். சரிவின் குறுக்கே போனால் பக்கவாட்டில் உருளும்.

ஹெல்மெட், குறைந்த கியர், வண்டியின் இழுவைத் திறனுக்குள் எடை: மூன்றும் கட்டாயம்.

கட்டை சிக்கினால்? ஆக்சிலரேட்டரை அழுத்தாமல் வண்டியை நிறுத்தி, இறங்கி, கட்டையை விடுவித்த பிறகே கிளம்பணும்.