விருந்தினர் கைக்கு வந்த கேமரா: தமிழ்த் திருமணப் படங்களின் வரலாறு

தமிழ்நாட்டுத் திருமணங்களில் படம் எடுப்பது நெடுங்காலம் ஸ்டூடியோக்காரரின் வேலையாக மட்டுமே இருந்தது. எடுத்த படத்தைத் திருத்துவதும் அவர் வேலைதான். விருந்துக்கு வந்த உறவினர் கேமராவைக் கையில் எடுத்தது 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில். படத்தைத் திருத்தும் வேலை அவர் கைக்கு வர அதற்குப் பின்னும் பல பத்தாண்டுகள் ஆயின. இந்த இரண்டு மாற்றங்களும் சேர்ந்து, ஒரு திருமணத்தில் எவையெல்லாம் படமாகலாம், யாருடைய கண்ணில் அவை படமாகலாம் என்பதையே மாற்றிவிட்டன.

தம்பதியர் ஸ்டூடியோவுக்குப் போன காலம்

1839இல் பாரிஸில் புகைப்படக் கலை அறிவிக்கப்பட்ட சில ஆண்டுகளுக்குள் அது இந்தியத் துறைமுக நகரங்களை எட்டியது. 1856இல் சென்னையில் புகைப்படச் சங்கம் தொடங்கியது. 1858இல் லின்னேயஸ் டிரைப், சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக மதுரை, தஞ்சாவூர், ஸ்ரீரங்கம் ஆகிய ஊர்களின் கோயில்களையும் கோட்டைகளையும் படமெடுத்தார். அசையாத கட்டடங்கள் அந்தக் காலத்துக் கருவிக்கு ஏற்றவை. மணமக்களும் கூட்டமும் அப்படியல்ல.

ஈரக் கண்ணாடித் தகட்டு முறையில் தகட்டில் ரசாயனம் பூசி, அது காய்வதற்குள் படமெடுத்து, உடனே கழுவிவிட வேண்டும். அதற்கு இருட்டறை பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். 1871இல் ரிச்சர்ட் மேடாக்ஸ் உலர்தகட்டு முறையை வெளியிட்டார். அடுத்த பத்தாண்டுகளில் ஆயத்தத் தகடுகள் கடைகளில் கிடைக்கத் தொடங்க, ஸ்டூடியோத் தொழில் பரவியது. சென்னை மவுண்ட் ரோட்டில் பெரிய நிறுவனங்கள் நடந்தன. பின்னர் மாவட்டத் தலைநகரங்களிலும் உள்ளூர்க்காரர்கள் கடை திறந்தார்கள்.

வசதியுள்ள குடும்பத்தினர் திருமணம் முடிந்தபின் மணமக்களை ஸ்டூடியோவுக்கு அழைத்துச் சென்றனர். வரைந்த திரை, செதுக்கு வேலைப்பாடு கொண்ட நாற்காலி, பூச்சாடி வைத்த முக்காலி ஆகியவை அங்கே காத்திருந்தன. பெரும்பாலும் கணவர் உட்கார்ந்திருப்பார், மனைவி நிற்பார். வெளிச்சம் போதாதபோது சில விநாடிகள் வரை அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. அக்காலப் படங்களில் முகங்கள் இறுகியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். படம் எடுத்தால் ஆயுள் குறையும், மூன்று பேராக நின்று எடுக்கக் கூடாது என்ற நம்பிக்கைகளும் இருந்ததால், பல குடும்பங்களில் ஒருவருக்கு வாழ்நாளில் ஓரிரு படங்களே மிஞ்சின.

பந்தலுக்குள் வந்த கேமரா

அடுத்த கட்டத்தில் ஸ்டூடியோக்காரர் கேமராவைத் தாங்கும் முக்காலியும் கறுப்புத் துணியுமாகத் திருமண வீட்டுக்கே வந்தார். ஆனாலும் சடங்கைப் படமெடுக்க முடியவில்லை. முகூர்த்தம் பெரும்பாலும் அதிகாலையில். பந்தலுக்குள் வெளிச்சம் குறைவு. அதனால் சடங்குகள் முடிந்து வெயில் ஏறியபின், வீட்டு வாசலில் குடும்பத்தை வரிசையாக நிறுத்தி எடுக்கும் குரூப் போட்டோவே அந்தக் காலத்தின் திருமணப் படம். நடுவில் மணமக்கள், இருபுறமும் பெரியவர்கள், பின்வரிசையில் இளைஞர்கள், முன்னால் தரையில் குழந்தைகள் என்ற அந்த வரிசை, குடும்பத்தில் யாருக்கு எந்த இடம் என்பதையும் காட்டியது.

1887இல் ஜெர்மனியில் உருவான மக்னீசியப் பொடி ஒளி புகையைக் கிளப்பியது. தீ அபாயமும் உண்டு. 1929இல் கண்ணாடிக்குள் எரியும் பல்பு ஃப்ளாஷ் விற்பனைக்கு வந்தது. ஒரு பல்பு ஒரு படத்துக்குத்தான் உதவும். அது பரவி, பின்னர் மின்னணு ஃப்ளாஷும் வந்தபின்தான் தாலி கட்டும் நேரம் ஆல்பத்தில் இடம்பிடித்தது. ஒரு படத்தையும் வீணாக்க முடியாத நிலையில், தாலியைப் பிடித்தபடி ஒரு கணம் கேமராவைப் பார்க்கும்படி மணமகனிடம் சொல்வது வழக்கமாயிற்று. கேமராவுக்காகச் சடங்கு ஒரு நொடி நிற்பது அப்போதே தொடங்கிவிட்டது.

பென்சிலும் கத்தியும்

படத்தைத் திருத்துவது கணினியோடு பிறந்த பழக்கம் அல்ல. 1855 பாரிஸ் கண்காட்சியில் ஃபிரான்ஸ் ஹான்ஃப்ஷ்டெங்கல் என்ற மியூனிக் புகைப்படக்காரர், திருத்திய நெகடிவ் ஒன்றையும் திருத்துமுன் எடுத்த பிரதியையும் அருகருகே காட்டியதாகப் புகைப்பட வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் இந்த வேலைக்கு ‘டச்சிங்’ என்று பெயர். சாய்மேசையில் நெகடிவை வைத்து, பின்னாலிருந்து வெளிச்சம் வரச் செய்து, கூர்மையான பென்சிலால் நுண்ணிய புள்ளிகள் இடுவார்கள். நெகடிவில் பென்சில் பட்ட இடம் பிரிண்டில் வெளுக்கும். அம்மைத் தழும்பு, சுருக்கம், கண்ணுக்குக் கீழுள்ள நிழல் எல்லாம் இப்படி மறைந்தன. ஓர் இடத்தைக் கறுப்பாக்க வேண்டுமானால் நெகடிவின் மேற்பூச்சைக் கத்தியால் சுரண்ட வேண்டும். அதில் கை தவறினால் நெகடிவே பாழாகும். வெளுக்க வைப்பது எளிது, கறுக்க வைப்பது கடினம் என்ற நிலை, சிவந்த முகத்தை விரும்பிய சமூகத்தின் ஆசைக்கு வசதியாகவே அமைந்தது.

வண்ண ஃபிலிம் பரவுவதற்கு முன் கறுப்பு வெள்ளைப் பிரிண்டில் தூரிகையால் வண்ணம் ஏற்றும் வழக்கமும் இருந்தது. பட்டுச் சேலைக்குச் சிவப்பு, நகைக்கு மஞ்சள், உதட்டுக்கு இளஞ்சிவப்பு என்று குடும்பத்தாரிடம் கேட்டுத் தீட்டினார்கள். தனித்தனியாக எடுத்த இருவரை ஒரே படத்தில் சேர்த்துத் தருவதும், இறந்த தாயையோ தந்தையையோ பிள்ளைகளின் அருகில் வைத்துத் தருவதும் ஸ்டூடியோக்களின் பணிகளாக இருந்தன.

உறவினரின் கேமரா

1888இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் அறிமுகப்படுத்திய கோடக் பெட்டியும், 1900இல் ஒரு டாலருக்கு வந்த பிரவுனியும் மேலைநாடுகளில் குடும்பத்தாரையே படம் எடுப்பவர்களாக ஆக்கின. தமிழ்நாட்டில் அந்த மாற்றம் தாமதமாகவே நடந்தது. விடுதலைக்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் கேமரா அரிய பொருளானது. பரோடாவில் தயாரான அக்ஃபா கிளிக் 3 நடுத்தர வர்க்கத்துக்கு எட்டிய கேமராக்களில் ஒன்று. அதில் ஒரு ரோலுக்கு 12 படங்கள். 1960இல் நிறுவப்பட்ட ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1967இல் உற்பத்தியைத் தொடங்கி, கறுப்பு வெள்ளை ஃபிலிமும் பிரிண்ட் தாளும் உள்நாட்டிலேயே கிடைக்க வழி செய்தது. சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் விடுமுறைக்கு வந்தவர்கள் 36 படம் எடுக்கும் ஜப்பானியக் கேமராக்களைக் கொண்டுவந்தார்கள்.

கேமரா வைத்திருந்த சித்தப்பாவோ மாமாவோ திருமண வீட்டில் தனி மதிப்புப் பெற்றார். மேடை ஸ்டூடியோக்காரரின் இடம் என்பதால் அவர் பின்கட்டுக்குப் போனார். கோட்டையடுப்பில் அண்டா ஏற்றும் சமையல்காரர்கள், காய் நறுக்கும் பெண்கள், ஜமக்காளத்தில் உறங்கும் குழந்தைகள், திண்ணையில் வெற்றிலை மடிக்கும் பாட்டி எல்லோரும் அவர் ஃபிலிமில் பதிந்தார்கள். கூலிக்கு வந்தவர் கேமராவைத் திருப்பாத இடங்கள் இவை. அந்நாளைய திருமண வீட்டின் உழைப்பையும் நெருக்கத்தையும் அறிய இத்தகைய படங்களே சிறந்த சான்று.

விருந்தினர் கையில் அப்போது டச்சிங் இல்லை. தேர்வு மட்டுமே இருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் செலவு என்பதால் பொத்தானை அழுத்துமுன் யோசிக்க வேண்டும். மீதமுள்ள படங்கள் அடுத்த பொங்கலுக்கோ திருவிழாவுக்கோ காத்திருக்கும். ஃபிலிமைக் கழுவிய பின் எதற்குப் பிரிண்ட் போடுவது, யாருக்கு எத்தனை பிரதி அனுப்புவது என்று தீர்மானித்து, பின்புறம் பெயரும் தேதியும் எழுதித் தபாலில் சேர்ப்பார்கள். 1980களிலும் 1990களிலும் ஃபிலிமைக் கழுவிப் பிரிண்ட் போடும் வண்ண மினிலேப்கள் பெருகியபோது இந்த வேலை விரைவானது. அதே காலத்தில் வீடியோவும் திருமணத்துக்குள் வந்தது. கண் கூசும் விளக்கும், மணமகள் முகத்தை இதயத்துக்குள்ளும் தாமரைக்குள்ளும் வைக்கும் ‘மிக்ஸிங்’ உத்தியும் புகழ்பெற்றன.

கைபேசியில் திருத்தம்

1990இல் வெளியான ஃபோட்டோஷாப் டச்சிங் மேசையின் இடத்தைப் பிடித்தது. ஆனால் அதுவும் ஸ்டூடியோவின் கருவியாகவே இருந்தது. 2010இல் இன்ஸ்டாகிராமும் 2011இல் ஸ்னாப்சீடும் வந்தபின்தான் திருத்தும் வேலை விருந்தினரின் விரலுக்கு வந்தது. 2016இல் ஜியோவின் வருகையால் இணையக் கட்டணம் சரிந்ததும், மணமேடைப் படம் பந்தி முடிவதற்குள் வெளிநாட்டு உறவினரை எட்டத் தொடங்கியது.

இன்றைய விருந்தினர் செய்யும் திருத்தங்களில் பல பயனுள்ளவை. சாய்ந்த படத்தை நிமிர்த்தலாம். ஓரத்தில் நுழைந்த தோளை வெட்டலாம். மேடை விளக்குகளால் ஊதா படிந்த முகத்துக்கு இயல்பு நிறத்தை மீட்கலாம். ஹோமப் புகைக்குப் பின்னால் இருண்ட முகத்தை வெளிச்சமாக்கலாம். ஆனால் அவர் தொடும் முன்பே கைபேசி பல திருத்தங்களைச் செய்துவிடுகிறது. அடுத்தடுத்து எடுத்த பல படங்களை ஒன்றாக்கி ஒளியைச் சமன்செய்கிறது. அழகூட்டும் வசதி இயங்கினால் தோலை வழவழப்பாக்கி நிறத்தையும் வெளுக்கிறது. பென்சில் காலத்தின் நிற ஆசை இப்படி மென்பொருளில் தொடர்கிறது.

உரிமையும் பாதுகாப்பும்

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்கே சேரும். யாரும் கேட்காமல் விருந்தினர் எடுத்த படத்தின் ஆசிரியரும் உரிமையாளரும் அந்த விருந்தினரே. 2012 திருத்தத்துக்குப் பின் அந்த உரிமை அவர் வாழ்நாள் முழுவதும், அவருக்குப் பின் 60 ஆண்டுகளும் நீடிக்கிறது.

உரிமை நீடித்தாலும் படம் நீடிக்கும் என்ற உறுதி இல்லை. தமிழ்நாட்டில் ஏராளமான பழைய நெகடிவ்கள் வெள்ளிக்காக உருக்குபவர்களிடம் போய்ச் சேர்ந்தன. கண்ணாடித் தகடுகள் உடைந்தன. எஞ்சியவற்றைத் தேடி மின்படியாக்கும் பணியைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் துணையோடு செய்தது. கைபேசிப் படங்களுக்கு வேறு வகை ஆபத்து. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்குகிறது. எடுத்த நாளும் கருவியும் பற்றிய குறிப்புகள் அதிலிருந்து நீங்கிவிடுகின்றன. கைபேசி தொலைந்தால் மூலமும் போய்விடும்.

எனவே திருமணத்தில் படமெடுக்கும் விருந்தினர் திருத்திய பிரதியோடு மூலப் படத்தையும் வைத்திருப்பது நல்லது. உறவினருக்கு அதை ஆவணமாக அனுப்பினால் தரம் குறையாது. படத்தில் இருப்பவர்களின் பெயர்களை எழுதிவைத்து, முக்கியமான சிலவற்றையாவது தாளில் அச்சிட வேண்டும். பெயரும் தேதியும் எழுதிய பழைய பிரிண்ட்களே இன்று குடும்ப வரலாற்றுக்கு ஆதாரமாக நிற்கின்றன. கைபேசிப் படங்களும் அந்தத் தகுதியைப் பெற இந்தச் சிறு உழைப்பு போதும்.